சம்பந்திகள் நின்ற தேர்தல்

எதிர் ஃபிளாட்டுக்கு அவர்கள் குடிவந்த அன்று நான் கையில் கறிவேப்பிலைக் கட்டோடு லிஃப்டுக்காக நின்றிருந்தேன். ஷார்ஜாவில், ரோலா பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சுகளும் மலிவுச் சாமான் கடைகளும் நெருக்கியடித்த தெருவில் எங்கள் கட்டடம். லிஃப்ட் திறந்தபோது உள்ளே பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பெண் நின்றாள். கறுப்பு, அகன்ற நெற்றி, இடுப்பைத் தொடும் பின்னல். என் அத்தை மகளை உரித்து வைத்த மாதிரி இருந்தாள்.

“தமிழா நீங்க? எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் புரியாமல் சிரித்து, “ஸாரி?” என்றாள். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தாள். ஒரு ஈர்க்கைத் தொட்டு, “கரப்புள்ளே!” என்றாள். கறிவேப்பிலையைத்தான் அப்படிச் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஒரு சொல்லைத் தவிர அவளுக்குத் தமிழ் தெரியாது. தெலுங்கு, இந்தி எதுவும் தெரியாது. அவளுக்குப் பின்னால் இரண்டு குழந்தைகளை இரண்டு தோளில் சுமந்தபடி உயரமான ஆப்பிரிக்கர் ஒருவர் இறங்கினார். சுமைகூலிக்கு வந்தவர் என்று நினைத்தேன். “என் கணவர்” என்றாள். குழந்தைகளுக்கு அவளுடைய கண், அவருடைய சுருட்டை முடி. நான் லிஃப்டை விட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

அவர்கள் டிரினிடாட் என்ற தீவிலிருந்து வந்தவர்களாம் என்று, சாயங்காலம் துபாயிலிருந்து வந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் தேய்ரா பக்கம் வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். “டிரினிடாட்டா? கிரிக்கெட்காரங்க ஊருல்லா அது!” என்றார். அந்தத் தீவைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டேன். அவள் கொள்ளுத்தாத்தா மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறி, அங்கே கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். அவள் கணவரின் முன்னோர்கள் அதற்கும் முன்பே அதே தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. அவர் மின்சாரம், எரிவாயு வேலைகள் படித்தவர். ஷார்ஜாவுக்கு வெளியே பாலைவனத்தில் ஒரு எரிவாயு ஆலையில் ஷிஃப்ட் பார்க்க வந்திருந்தார். அவருடைய அம்மா அரசாங்க நர்ஸ். பிரசவம் பார்ப்பவர். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் முக்கால்வாசி அவர் கையில் பிறந்ததுதான்.

“நானும் அவங்க கையிலதான் பிறந்தேன்” என்றாள் அவள் ஒருநாள், என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு. “தொப்புள்கொடியை வெட்டினது என் மாமியார்தான்.”

நாங்கள் இங்கிலீஷில்தான் பேசுவோம். அவள் இங்கிலீஷ் பாட்டு மாதிரி ஏறி இறங்கும். என்னுடையது தட்டுத் தடுமாறிப் போகும். ஆனாலும் ஒருவருக்கொருவர் புரிந்தது. என் மகளோடு உட்காரவைத்து அவள் மகனுக்கும் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பதிலுக்கு அவள் பருப்பு வைத்த ரொட்டி சுட்டு அனுப்புவாள்.

அவளுக்கு அப்பா இல்லை என்றே முதலில் நினைத்திருந்தேன். அப்பா இருந்தார். டிராக்டர்கள் வைத்து வாடகைக்கு விடுகிறவர், கோயில் கமிட்டியில் இருப்பவர், ஊரில் பெரிய மனிதர். இவள் கல்யாணத்துக்குப் பிறகு பேச்சை நிறுத்தியவர். பேரப்பிள்ளைகளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அம்மா மட்டும் வாரத்துக்கு ஒருநாள் திருட்டுத்தனமாக ஃபோனில் ஒரு மணி அடித்துவிட்டு வைப்பார். இங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். அங்கே விடிந்தும் விடியாத வேளை, அப்பா டிராக்டர்களைப் பார்க்கப் போயிருப்பார். இவள் உடனே ஃபோன் கார்டைச் சுரண்டி நம்பரைப் போட்டுத் திருப்பிக் கூப்பிடுவாள்.

ஈராக்கில் சண்டை தொடங்கிய வருஷம். அந்தக் கோடையில் எங்கள் கட்டடமே லீவுக்கு ஊருக்குப் போய்விட்டது. எங்களுக்கு அடுத்த வருஷம்தான் டிக்கெட். அவள் கணவருக்கும் ஆலையில் பராமரிப்பு வேலை என்று லீவு கிடைக்கவில்லை. ஏசி ஒரு நிமிஷம் நின்றால் சுவர் சுடும் அந்த நாட்களில் அவள் வந்து கதவைத் தட்டினாள்.

“என் மாமியார் தேர்தல்ல நிக்கிறாங்க!”

அவர்கள் நாட்டில் உள்ளாட்சித் தேர்தல். மாமியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கட்சிக்காரர்கள் வீட்டுக்கே வந்து கெஞ்சி, கவுன்சிலர் வேட்பாளராக நிறுத்தியிருந்தார்கள். கவுன்சிலருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். சாக்கடை, சந்து ரோடு, குப்பை, சந்தை, சுடுகாடு என்றாள். எங்கள் ஊர் வார்டு மெம்பர் வேலைதான். அதற்காக எங்கள் ஊரில் மண்டை உடைந்ததை அவளிடம் சொன்னேன். அங்கே மண்டை உடையாது, லாரியில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டே ஊர்வலம் போவார்கள் என்றாள்.

அடுத்த வாரம் அவள் அம்மாவின் ஃபோன் வந்தது. கார்டு போட்டுப் பேசிவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“அப்பாவும் நிக்கிறாரு. அடுத்த கட்சியில. அதே வார்டுல.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இதைக் கேட்ட என் கணவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். “சம்பந்திக்குச் சம்பந்தியே எதிரா? நம்ம ஊர்ல கூட இப்படி நடந்ததில்ல கேட்டியா!”

அவளும் அவள் கணவரும்கூட முதலில் சிரித்தார்கள். அவர்கள் ஊரில் இரண்டு பெரிய கட்சி. ஒன்றுக்குப் பெரும்பாலும் இந்திய வம்சத்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள்; மற்றதற்கு ஆப்பிரிக்க வம்சத்தவர்கள். “விதிவிலக்கு உண்டு” என்று அவள் கணவர் சொல்வார். சொல்லும்போது தன்னையும் மனைவியையும் விரலால் காட்டுவார். வீட்டில் யாருக்கு ஆதரவு என்று நான் கேட்டதற்கு, “சாக்கடையை யார் அள்ளுவாங்களோ அவங்களுக்கு” என்றார். நல்ல மனிதர். உரத்துப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து, ஆண்கள் இருவரும் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பாயசம் போன்ற ஒன்றைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வழியாக அந்த ஊர் ரேடியோ கேட்கும். விட்டு விட்டு வரும். அங்கே காலைச் செய்தி நேரம். தேர்தல் தொடங்கியதிலிருந்து அவள் அதை நிறுத்துவதே இல்லை.

முந்தின நாள் நடந்த கூட்டங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். திடீரென்று ஒரு கனத்த ஆண் குரல். அவள் கை கரண்டியோடு நின்றது. அவள் அப்பாதான் என்று அதிலிருந்தே தெரிந்தது. கூட்டத்தில் எவனோ ஒருவன் கேட்டிருக்கிறான்: உங்கள் மகள் வாழப்போன வீட்டுப் பெண்மணியையா எதிர்க்கிறீர்கள் என்று. அதற்கு அவர் சொன்ன பதிலை ரேடியோவில் போட்டார்கள். அவர்கள் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் இது முழுதாகவே புரிந்தது.

“எனக்கு மகள் ஒருத்தி இருந்தா. அவ செத்துட்டா. காரியமெல்லாம் முடிஞ்சாச்சு.”

அதற்குப் பிறகு கைதட்டல் கேட்டது. நாலைந்து பேர் தட்டுவதல்ல; மழை கொட்டுவது போல, விசிலோடு.

அவள் கணவர் எழுந்துபோய் ரேடியோவை அணைத்தார். அவளுடைய பையன் தரையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, “யார் செத்துட்டாங்க?” என்றான்.

“யாரும் இல்ல” என்றாள் அவள். மீதிக் கிண்ணங்களிலும் ஊற்றினாள். ஒவ்வொன்றாக எங்கள் கையில் கொடுத்தாள். என் கிண்ணத்தை நீட்டும்போதுதான் பார்த்தேன். விரலெல்லாம் பாயசம் வழிந்து சுட்டிருந்தது, அவளுக்கு அது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கட்டிலில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு உட்காரக்கூட முடியவில்லை.

“ஏங்க, கோவத்துல ஒரு மனுசன் சொல்லுதாரு. அதுக்குக் கை தட்டுவாவளா? அத்தனை பேருமா?”

“ஓட்டுக்காகச் சொல்லுததுளா.”

“மகளக் கொன்னா ஓட்டு விழுமா?”

எங்கள் ஊரிலும் இப்படி மகளைத் தலைமுழுகியவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே உண்டு. ஆனால் அது கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம். மைக் பிடித்து, ஊர் கைதட்ட, அதன்பின் ஓட்டுக் கேட்பது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

மறுநாள் அவள் மாமியாரோடு பேசினாள். அப்போது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். “அம்மா, விலகிடுங்க. உங்களையும் கேவலமாப் பேசுவாரு” என்று அழுதாள். அந்த அம்மாள் நிதானமாகப் பேசினார்.

“நான் குப்பைக்கும் சாக்கடைக்கும் நிக்கிறேன் மகளே. உங்க அப்பாவை எதிர்த்து நிக்கல. அவரு சொன்னதை நான் மேடையில தொடமாட்டேன். நீ பயப்படாதே. பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?”

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆனால் அந்த வாரம் அவள் அம்மாவின் ஃபோன் மணி அடிக்கவில்லை. அவள் மதியம் முழுக்க ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தானாகக் கூப்பிடவும் பயம். அப்பா எடுத்துவிட்டால்?

தேர்தலுக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு பிற்பகல். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதக் கொடுத்துவிட்டு நானும் அவளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவள் கணவர் டூட்டிக்குப் போயிருந்தார். அங்கே காலை நேரம். நேயர்கள் ஃபோனில் பேசும் நிகழ்ச்சி. அந்த வார்டு வேட்பாளர்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்திருந்தார்கள். சாக்கடை பற்றிக் கொஞ்சம், மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்பது பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். நடத்துகிறவனுக்கு அதெல்லாம் ருசிக்கவில்லை. சம்பந்தம் பற்றிக் கிளறிக்கொண்டே இருந்தான். மாமியார், “தம்பி, அடுத்த கேள்விக்குப் போ” என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை.

பிறகு நேயர்களின் அழைப்பு. ஒருவர் தெருவிளக்கு கேட்டார். இன்னொருவர் நாய்த் தொல்லை. அடுத்ததாக ஒரு பெண் குரல், “காலை வணக்கம்” என்றது.

என் பக்கத்தில் இருந்தவள் விறைத்துப்போனாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அம்மா” என்றாள்.

“எங்கேருந்து பேசறீங்க அம்மா?” என்றான் நடத்துகிறவன்.

“அவரு வீட்லேருந்துதான். சமையலறையிலேருந்து.”

“எவரு வீடு?”

“உங்க முன்னால உக்காந்திருக்காரே, அவரு. நான் அவரு சம்சாரம்.”

அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அந்தக் குரல் சிரிப்பு நிற்கும்வரை காத்திருந்தது. மெலிந்த குரல். கோபமே இல்லை. கடையில் சாமான் கேட்பது போலப் பேசியது.

“என் மக சாகல. ஷார்ஜாங்கற ஊர்ல இருக்கா. ரெண்டு பிள்ளைங்க. பையனுக்கு முன்பல் விழுந்திருக்கு. நான் வாரா வாரம் பேசுறேன்.” பிறகு மகளின் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், வீட்டுச் செல்லப் பெயரையும் சேர்த்து. “இன்னிக்குக் காலையில அவருக்கு டீ போட்டுக் குடுத்து அனுப்பிட்டுத்தான் பேசுறேன். உயிரோட இருக்கற பிள்ளைக்குக் காரியம் செஞ்சவருக்கு என் ஓட்டு கிடையாது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

ரேடியோவில் சத்தமே இல்லை. இன்டர்நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை; யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கனத்த குரல் வந்தது.

“ஃபோனை வை.”

“வைக்கிறேன்” என்றார் அந்த அம்மாள். வைத்துவிட்டார்.

உடனே விளம்பரம் போட்டார்கள். ஏதோ மெத்தைக் கடை. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க எழுந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“என் பேரைச் சொன்னாங்க. அந்த வீட்ல நின்னு என் பேரைச் சொன்னாங்க” என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கல்யாணமான நாள் முதல் புருஷன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாத பெண் என்று அவள் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவர் ஊரே கேட்க இதைப் பேசிவிட்டு, அதே வீட்டில் புருஷன் வரும்வரை உட்கார்ந்திருக்கப் போகிறார்.

அதுதான் எங்களை வாட்டியது. அவள் ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. கார்டு தீர்ந்தபோது நான் கீழே மலையாளி கடைக்கு ஓடிப் புதிது வாங்கி வந்தேன். கடைசியில் மாமியாருக்குப் போட்டாள். ரேடியோ நிலையத்திலிருந்து அவர் நேரே அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். எதிர்க்கட்சி வேட்பாளரின் வாசலில் நின்று கதவைத் தட்டியிருக்கிறார்.

“உங்க அம்மா நல்லாத்தான் இருக்கா. மீன் கழுவிட்டிருந்தா. ‘எங்க வீட்டுக்கு வா’ன்னு கூப்பிட்டேன். ‘எதுக்கு, இது என் வீடுதானே’ன்னுட்டா.”

“அப்பா?”

“வந்தாரு. என்னைப் பார்த்தாரு. ஒண்ணும் பேசல. உள்ளே போயிட்டாரு.”

அவர் அடிக்கவில்லை, வெளியே தள்ளவில்லை. வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்த மௌனத்தைக் கேட்டு எனக்கு வேறு மாதிரிப் பயம் வந்தது.

தேர்தல் திங்கட்கிழமை. முடிவு எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் தெரிந்தது. என் கணவர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்த உடையோடு எங்கள் வாசலில் நின்றார். அவள் அப்பா ஜெயித்துவிட்டார். கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் அல்ல. தாராளமாக.

“அந்தம்மா அவ்வளவு சொன்னப்புறமுமா?” என்றேன். அவரிடம் இங்கிலீஷில் கேட்க வேண்டும் என்பதே மறந்துபோய்த் தமிழில் கேட்டேன். என் முகத்திலிருந்தே அவருக்குப் புரிந்தது.

“அந்த வார்டுல அந்தக் கட்சி ஒரு விளக்குக் கம்பத்தை நிறுத்தினாலும் ஜெயிக்கும்” என்றார். “எங்க வார்டுக்குப் பக்கத்துல இன்னொண்ணு இருக்கு. அங்க எங்க அம்மா கட்சி விளக்குக் கம்பம் ஜெயிக்கும்.” அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் அம்மா கையில் பிறந்த பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள், அவர்கள் எல்லோரும்தான் அந்த வார்டு வாக்காளர்கள். ரேடியோ கேட்டுவிட்டு அழுதோம் என்று மாமியாருக்கு ஃபோன் செய்த பெண்கள்கூட மை வைத்த விரலோடு அவர் வீட்டு வாசலுக்கு வந்து, “மன்னிச்சுக்கங்க நர்ஸம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

அடுத்த வாரம் அவள் வீட்டு ஃபோன் அடித்தது. ஒரு மணியோடு நிற்கவில்லை, தொடர்ந்து அடித்தது. அங்கே வழக்கமான விடிகாலை இல்லை; வெயில் ஏறிய நேரம், அப்பா வீட்டில் இருக்கும் நேரம். அவள் அம்மா வழக்கமான குரலில் பேசினார். பின்னால் டிவி ஓடியது. அப்பா இருமுவது கேட்டது. அவர் எழுந்துபோகவும் இல்லை, டிவி சத்தத்தைக் கூட்டவும் இல்லை என்று அவள் எனக்குச் சொன்னபோது, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அப்பாவின் இருமலைக் கேட்டதாகச் சொன்னாள்.

குளிர் தொடங்கியதும் அவள் அம்மா விசிட் விசாவில் ஷார்ஜா வந்தார். முதன்முதலாக ஏறிய விமானம். கறுத்து மெலிந்த சிறிய பெண்மணி. தலையில் மெல்லிய துணி. எங்கள் ஊர்ச் சந்தையில் பார்த்தால் என்ன காய் விலை என்று கேட்டிருப்பேன். விமான நிலையம் வரைக்கும் கொண்டுவந்து விட்டது தன் கணவர்தான் என்றார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

அந்த அம்மாள் வந்து ஒரு வாரமிருக்கும். நான் அங்கே இருக்கும்போது ஃபோன் வந்தது. பையன் ஓடிப்போய் எடுத்தான். “யாரு?” என்றான். பதில் வர நேரமாயிற்று. பிறகு அவன் ரிசீவரைக் கையால் பொத்தாமலே கத்தினான்.

“பாட்டி! யாரோ கவுன்சிலராம்!”

அந்த அம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். அவள் சுவரோரமாக நின்று கேட்டாள். தன் மருந்து எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்கத்தான் அவள் அப்பா கூப்பிட்டிருக்கிறார். பேரன் குரலைக் கேட்டு, தாத்தா என்று சொல்ல வாய் வராமல், கவுன்சிலர் என்று சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து அவர் கவுன்சிலர். “கவுன்சிலர், எனக்குப் புது சைக்கிள்” என்று பையன் அவரிடம் பேச ஆரம்பித்தான். அவரும் ஃபோனை வைக்கவில்லை.

அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து கீரை ஆய்ந்து தருவார். நிதானமாகப் பேசினால் எனக்கும் புரியும். ஊர் திரும்புவதற்குச் சில நாள் முன்னால் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தபோது, எனக்கு அடக்க முடியாமல் கேட்டேன். அத்தனை துணிச்சல் எப்படி வந்தது, பயமாக இல்லையா என்று.

“பயம் ஓட்டுப் போடுற இடத்துலதான் வந்துச்சு” என்றார்.

புரியவில்லை. அவர் கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னார்.

“நர்ஸுக்குப் போடணும்னுதான் போனேன். என் பிள்ளையை வெளிய எடுத்தவ அவ. சீட்டைப் பிரிச்சேன். ரெண்டு சின்னமும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. எங்க ஆளுங்க தோத்துருவாங்களோன்னு திடீர்னு நெஞ்சு அடைச்சுருச்சு. கை பழகின சின்னத்துக்கே போயிருச்சு.”

“அவருக்கா போட்டீங்க?”

“அவருக்குத்தான்.”

நான் முறத்தைத் தரையில் வைத்துவிட்டேன். அந்த மெலிந்த குரல் ஷார்ஜா வரை வந்து என்னை உலுக்கிய குரல். அதே பெண் ஓட்டுப் பெட்டி முன்னால் போய், மகளைச் சாகடித்தவருக்கே குறி போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

“உங்க மகளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நர்ஸுக்குத் தெரியும். அன்னிக்கே போய்ச் சொல்லிட்டேன். ‘சரி, வந்து சாப்பிடு’ன்னா.” அவர் ஆய்ந்த கீரையை என் பக்கம் தள்ளினார். “நீயும் சொல்லாதே.”

அன்று சாயங்காலம் என் கணவர் வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் மட்டும் சொன்னேன்.

“ஏங்க, அந்தம்மா கடைசியில புருசனுக்கேல்லா ஓட்டுப் போட்டிருக்காவ!”

“பின்ன?” என்றார் அவர், நிமிராமல்.

“பின்னன்னா?”

“நம்ம ஆளுக்குத்தானளா போடுவாவ.”

‘நம்ம ஆளு’ என்றார். அவள் அப்பாவின் முகத்தை இவர் பார்த்ததுகூட இல்லை. கைதட்டலை என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர், அன்று கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் வைத்துவிட்டு, “டீ இருக்கா?” என்று கேட்டார்.

மறு வருஷம் எதிர் வீட்டுக்காரருக்குக் கத்தாரில் வேலை கிடைத்துப் போனார்கள். சில வருஷம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே அடுத்த உள்ளாட்சித் தேர்தல் வர வேண்டிய வருஷத்தில் தள்ளிவைத்தார்கள்; பிறகும் தள்ளிவைத்தார்கள். அவள் அப்பா ஓட்டுக் கேட்காமலே கவுன்சிலராக இருந்தார். ஒருநாள் ஃபோனைப் பிள்ளைகள் எடுக்காமல் அவளே எடுத்திருக்கிறாள். “கவுன்சிலர் பேசுறேன்” என்றாராம். “சொல்லுங்க கவுன்சிலர்” என்றாளாம். பையனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டிருக்கிறார். விட்டது என்று சொல்லியிருக்கிறாள். அதன்பின் அவர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

இதைச் சொல்லும்போது அவள் குரலில் சந்தோஷம்தான் இருந்தது. “எல்லாம் அம்மா அன்னிக்குப் பேசினதாலதான். அவங்க ஓட்டு ஒண்ணுதான் அந்த வீட்ல எனக்காக விழுந்த ஓட்டு” என்றாள்.

நான் ஆமாம் என்றேன்.